அக்கரைச் சீமை: தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் அதில் ஏறிய சொற்களும்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.)

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் அந்நாட்டை 'அக்கரைச் சீமை' என்றனர். மொழியியல் படித்தவர் இத்தொடரைக் கடந்து போவது கடினம். கரை என்பது கடலுக்கும் உண்டு, ஏரிக்கும் உண்டு. ஆனால் 'இக்கரை – அக்கரை' என்னும் சுட்டு இணை ஆற்றுக்கு உரியது. நிற்பவரின் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் புலப்பட வேண்டும். துறையிலிருந்து ஓடம் போய்த் திரும்ப வேண்டும். கடலுக்கு எதிரே அடிவானம்தான் உண்டு. பர்மாவையும் மலேயாவையும் அக்கரை என்று சொன்னவர்களும் உண்டு. அங்கே அச்சொல் உருவகம். தனுஷ்கோடியில் நின்று தலைமன்னாரை அக்கரை என்பது ஏறக்குறைய நேர்ப்பொருள். இடைப்பட்ட கப்பல் வழி சுமார் 35 கிலோமீட்டர். நடுவே மணல்திட்டுகள். பெரிய கப்பல்கள் ஊடறுத்துச் செல்ல முடியாத அளவுக்கு ஆழம் குறைந்த நீர். 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் வழங்கும் அந்த நீரிணையை, அதைக் கடந்தவர்கள் ஓர் அகன்ற ஆறாகவே மனத்தில் வரித்துக்கொண்டார்கள் என்பதற்கு 'அக்கரை'யே சான்று.

ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரிடமும் இதற்கு இணையான ஒரு சொல் இருந்தது. அவர்கள் தமிழகத்தைக் 'கோஸ்ட்', அதாவது கரை, என்றனர். ஆள் பிடிக்கக் கங்காணியிடம் கொடுத்தனுப்பிய பணம் 'கோஸ்ட் அட்வான்ஸ்' எனப்பட்டது. ஆக, ஒரே நீர்ப்பரப்பின் இரு பக்கமும் இருந்தவர்கள் எதிர்ப்பக்கத்தைக் கரை என்றே அழைத்தார்கள். ஒருவருக்கு அது போய்ச் சேரும் இடம். மற்றவருக்கு ஆள் எடுக்கும் இடம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் சொன்னதாக மலையகத்தில் இன்றும் வழங்கும் பேச்சு, 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்ற பழமொழிக்கு எழுதப்பட்ட உரை போலவே இருக்கிறது.

இதை எழுதத் தூண்டியது இணையத்தில் பெருகிவரும் 'போட் மெயில்' ஏக்கம். எழும்பூரில் மாலையில் ரயிலேறி, மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கேயே காத்திருக்கும் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் இன்னொரு ரயில் பிடித்து, அடுத்த நாள் காலை கொழும்பு சேர்ந்த பயணம். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். இந்த விவரங்களில் பிழை இல்லை. அந்தக் காலத்தில் எல்லைகள் இல்லை, மனிதர்கள் தடையின்றிப் போய்வந்தார்கள், பிறகு புயலும் போரும் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன என்று அவற்றின் மேல் கட்டப்படும் முடிவுதான் ஆவணங்களோடு பொருந்தவில்லை. அந்தக் கப்பல் ஓடிய காலம் முழுவதும் அது மனிதர்களை வகைபிரித்தபடியே ஓடியது.

முதலில் கப்பலின் வரலாறு. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கைப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அதற்கு முன் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து ஓர் இரவு நீளும் கடற்பயணம் என்பதே கொழும்புக்கு வழி. புதிய வழியில் கடல் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கிற்று. மணல்திட்டுகளின் மேலேயே இருப்புப்பாதை அமைத்துவிடலாம் என்ற திட்டமும் அப்போது ஆராயப்பட்டது. செலவு கருதிக் கைவிடப்பட்டது. தென்னிந்திய ரயில்வே மூன்று கப்பல்களை வாங்கியது: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூவரும் அரசப் பிரதிநிதிகள். பின்னர் வந்தவை இர்வின், கோஷன். அரசப் பிரதிநிதி ஒருவர், சென்னை ஆளுநர் ஒருவர். விடுதலைக்குப் பிறகு ஓடிய கப்பலுக்கு இராமானுஜம் என்று பெயர். கப்பல்களுக்கு இடும் பெயர்களை வைத்தே ஆட்சிமாற்றத்தைச் சொல்லிவிடலாம் போலும்.

இனி முகாம்களின் வரலாறு. போட் மெயில் நினைவுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். தூத்துக்குடி வழியாக ஆள் சென்ற காலத்தில் அவ்வூருக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. தனுஷ்கோடி வழி திறந்தபின் மண்டபத்தில் பெரிய முகாம் எழுந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளர்கள் அங்கே நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். குளிப்பாட்டி, உடைகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, காலராவோ பிளேக்கோ இல்லை என்று உறுதியானபின் கப்பலேற்றப்பட்டார்கள். முதல் வகுப்புப் பயணி மண்டபத்தை ஒரு ரயில் நிலையமாகச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனார். ஆகவே 'சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டு' என்பது ஒரு வகுப்பாரின் நினைவு. மற்றவர் கையில் இருந்தது வேறு சீட்டு.

அந்த வேறு சீட்டுக்கும் பெயர் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர்களுக்குத் தகரத்தாலான வில்லை கொடுக்கும் முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வில்லையைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது ஆளின் கடனாக இறங்கும். தோட்டத்துக்குள் வந்தபின் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், இந்த ஆளின் கடனை இவ்வளவுக்குத் தீர்த்தால் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதித் தரும் காகிதம் அது. 'துண்டு' என்ற எளிய தமிழ்ச்சொல் ஆங்கில நிர்வாக மொழியில் அப்படியே நுழைந்து, ஒரு கடன்முறையின் பெயராயிற்று. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொற்கடன் பற்றிய நம் பாடநூல்கள் கட்டுமரத்தையும் மிளகுதண்ணீரையும் தவறாமல் காட்டுகின்றன. இந்தத் துண்டை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

1939 ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்தது. இலங்கையில் இந்தியர்களைப் பணிநீக்கிய நடவடிக்கைக்கு அது பதிலடி. அன்றிலிருந்து கப்பலின் ஓட்டம் மாறவில்லை; அதன் பொருள் மாறிற்று. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முன்னோர் இலங்கையில் பிறந்ததற்கு ஆவணம் கேட்ட சட்டம் அது. பிறப்புப் பதிவு என்பதே லயன் அறைகளை எட்டியிராத காலத்தில் கேட்கப்பட்ட ஆவணம். அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் கடவுச்சீட்டையும் விசாவையும் கொண்டுவந்தது. ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய ஆள், இப்போது ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அனுமதி கேட்டு நுழையும் அயலாராகிவிட்டார்.

'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் வலுப்பெற்ற சூழல் இதுதான். தோணி தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. அதன் முன்னே 'கள்ள' என்ற அடை ஒட்ட வேண்டுமானால், எதிரே 'நல்ல' கலம் ஒன்று இருந்தாக வேண்டும். அரசின் முத்திரை பெற்ற கப்பலே தோணியைக் கள்ளமாக்கியது. இது சட்டத்துக்குப் புறம்பாக வந்திறங்கியவரைச் சுட்டும் சொல்லாகத் தொடங்கி, சிங்களத்திலும் புகுந்து, எந்தக் காலத்திலும் தோணியைக் கண்ணால் பார்த்திராத, நுவரெலியாவில் பிறந்து நுவரெலியாவிலேயே கொழுந்து பறித்த பெண்ணையும் சுட்டுவதாயிற்று. பொருள் விரிவு, பொருள் இழிவு என்று சொற்பொருளியல் இதை இரண்டு கலைச்சொற்களில் அடக்கிவிடும். அடங்காத பகுதியை மலையக எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை, நாடற்றவர் என்ற நிலையையே தம் எழுத்தின் பொருளாக்கிக்கொண்டவர்.

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிறகு, 1974இல், பேசினார்கள். ஆளுக்குப் பாதி, 75,000 என்று. உடன்படிக்கை நிறைவேற வகுத்த காலம் 15 ஆண்டுகள். அந்த 5,25,000 பேரையும் கொண்டுவரும் வழி தனுஷ்கோடிக் கப்பல்தான்.

ஐம்பத்து மூன்று நாள் கழிந்து, டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் 115 பேருடன் கடலுக்குள் போயிற்று. பயணச்சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், துறை எல்லாம் போயின. சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. பொறியியல் மாணவர்கள் இதை நன்கு அறிவார்கள். அப்பாலம் திறந்திருக்க வேண்டிய தேவை எவ்வளவு பெரியது என்பதை அந்த உடன்படிக்கையோடு சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. கப்பல் இராமேசுவரத்துக்கு இடம் மாறிற்று. இராமானுஜம் தொடர்ந்து ஓடியது. போட் மெயில் நினைவுகள் பொதுவாகப் புயலோடு முடிகின்றன. மலையகத் தமிழர்க்குக் கதையின் கொடிய பகுதி அதன் பிறகே தொடங்குகிறது.

கண்டி, அட்டன், பதுளை நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போன ரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்றனர். 'கோச்சி' மலையகத் தமிழில் ரயில். ரயில்பெட்டியைக் குறித்த ஆங்கிலச் சொல்லே அங்கு தொடர் முழுமைக்கும் பெயராயிற்று. சிங்களத்திலும் அப்படியே. தாய் இந்தியக் கடவுச்சீட்டோடும், மகள் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தும் இருந்தால் நடைமேடை இருவரையும் பிரித்துவிடும். போட் மெயில், அழுகைக் கோச்சி என்ற இரு பெயர்களும் அதே இருப்புப்பாதைக்கு, அதே கப்பலுக்கு இட்டவையே. முதற்பெயர் தபாலை ஒட்டி அமைந்தது. இரண்டாவதை, வழியனுப்ப வந்து நடைமேடையில் நின்றவர்கள் வைத்தார்கள்.

அக்கரையில் ஏறியவர்கள் இக்கரையில் இறங்கியபோது அவர்களுக்குக் காத்திருந்த அலுவல் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இந்த வினையாலணையும் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'திரும்பு' என்ற வினை, முன்னே ஒரு புறப்பாட்டைக் கேட்கிறது. கப்பலேறியவர்களில் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவை அதுவரை மிதித்திராதவர்கள். பாட்டன் போனதற்குப் பேரன் திரும்புகிறான். இலக்கணப்படி எழுவாய் பிழை. ஆனால் அரசாணையில் அது பிழையாகத் தெரியவில்லை. இங்கிருந்த மக்களோ, அலுவல் மொழியைப் பொருட்படுத்தாமல், வந்தவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'. 'தாயகம் திரும்பியோர்' என்பதைவிட இந்த இரண்டு ஏச்சுகளும் உண்மைக்கு நெருக்கமானவை என்றே நான் கருதுகிறேன்.

இறங்கியவர்கள் மீண்டும் மண்டபம் முகாமில்தான் முதலில் தங்கினார்கள். அன்று போவதற்கு முன் தடுத்து நிறுத்திய அதே இடம், இன்று வந்தபின் பகிர்ந்தளிக்கும் இடம். அங்கிருந்து சிறுகடன் கொடுத்துத் தெரியாத ஊர்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர். தேயிலை தவிர வேறு தொழில் அறியாதவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய டான்டீ அதுதான். 1969இல் ஒரு கூட்டுறவு வங்கி உருவாயிற்று. ரெப்கோ வங்கியின் பெயரில் உள்ள 'ரெப்' என்பது 'தாயகம் திரும்பியோரை'க் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. வீட்டுக்கடன் வாங்க அங்கு போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? சுருக்கப்பெயர்கள் வரலாற்றை மறைப்பதில் கல்வெட்டுச் சிதைவுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

இவ்விடத்தில் ஒரு கிளைவழி. இதை நான் எழுதுவது வடாலாவில். இங்கிருந்து தாராவியும் மாட்டுங்காவும் கூப்பிடு தூரம். நெல்லை, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்கள் இலங்கைக்கும் ஆள் தந்தன, பம்பாய்க்கும் ஆள் தந்தன. அதே வறட்சி, அதே சாதி ஒடுக்குமுறை, முன்னே போன உறவினர் சொன்ன அதே ஆசைச்சொற்கள். பம்பாய்க்குப் போனவர் 1500 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் போனார். இலங்கைக்குப் போனவர் 35 கிலோமீட்டர் நீரைக் கடந்தார். 1960களின் பிற்பகுதியில் பம்பாயிலும் தென்னிந்தியரைத் திரும்பிப் போகச் சொல்லிக் கிளர்ச்சி நடந்தது. கடைகள் தாக்கப்பட்டன, மக்கள் அஞ்சினார்கள். ஆயினும் அவர்களை ஏற்றிச்செல்ல ஓர் உடன்படிக்கையோ கப்பலோ வரவில்லை, வர முடியாது. பம்பாயை யாரும் அக்கரை என்று சொன்னதில்லை என்பதும் இதனோடு எண்ணத்தக்கது. தாராவியின் தமிழரும் மஸ்கெலியாவின் தமிழரும் ஒரே ஊரிலிருந்து ஒரே பஞ்சத்தில் புறப்பட்டிருக்கலாம். ஒருவரின் பேரன் வாக்காளர். மற்றவரின் பேரன் 1964இல் ஓர் எண்.

மீண்டும் கப்பலுக்கு. 1983 வன்முறைக்குப் பிறகு, 1984இல், இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் நின்றது. போர்ச்சூழலில் ஒரு போக்குவரத்து நின்றது என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் உடன்படிக்கையை நிறைவேற்றும் கருவியே அந்தக் கப்பல் என்பதால், அது நின்றதும் உடன்படிக்கையும் நடுவழியில் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் வாங்கி, மூட்டை கட்டி, ஏற வேண்டிய கப்பல் இல்லாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரவர். அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் எந்த நாட்டினர் என்ற கேள்விக்கு இலங்கை நாடாளுமன்றம் 2003இல் நிறைவேற்றிய சட்டம் விடை தந்தது: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிமக்கள். பிரிப்பதற்காகக் குறிக்கப்பட்ட தேதி, 39 ஆண்டுகள் கழித்துச் சேர்ப்பதற்கான தேதியாயிற்று. கப்பல் ஓடாமல் போனதால் நாடு கிடைத்தவர்கள் அவர்கள்.

கப்பல் ஓடாமல் போனதால் நாடு கிடைக்காதவர்களும் உண்டு. 1983 முதல் தோட்டங்களிலும் தாக்குதலுக்கு அஞ்சி வெளியேறிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர், அரசின் கப்பல் இல்லாத நிலையில், மன்னார்க் கரையில் மீனவர் படகேறி இராமேசுவரம் பக்கம் வந்திறங்கினர். அவர்களுள் 1964 ஏற்பாட்டின்படி இந்தியக் குடியுரிமைக்கு உரிமை கோரத்தக்கவர்களும் இருந்தனர். உரிய காலத்தில் கப்பலேறியிருந்தால் 'தாயகம் திரும்பியோர்'. கடனும் வீடும் தோட்ட வேலையும் கிடைத்திருக்கும். படகில் வந்ததால் அகதிகள். 2003இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் சொல்லில், உரிய ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அதைத் தமிழில் ஒரே சொல்லில் பெயர்க்கச் சொன்னால் எந்தச் சொல் முதலில் நாவுக்கு வரும் என்பதை வாசகர்களுக்கே விடுகிறேன். அக்கரையில் அவர்களின் பாட்டிமார்மேல் எறியப்பட்ட அதே சொல்தான்.

இத்தகைய முகாம்வாசிகள் சிலர் தொடுத்த வழக்கில் 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களின் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைக் கேட்டது. இந்திய வம்சாவளியினர் என்பதும், தமிழகத்திலிருந்தே அவர்தம் முன்னோர் சென்றனர் என்பதும் அந்த வழக்கில் முன்வைக்கப்பட்டவை.

கப்பல் இப்போது மறுபடி ஓடுகிறது. 2011இல் தூத்துக்குடி–கொழும்புக்கு இடையே சில மாதங்கள் 'ஸ்கோடியா பிரின்ஸ்' ஓடி நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' புறப்பட்டது. 150 பேர் செல்லத்தக்க அதில் முதல் நாள் 50 பேர் சென்றனர். பருவமழை காரணமாகச் சில நாட்களில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து 'சிவகங்கை'. இராமேசுவரம்–தலைமன்னார் வழியையும் மீட்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தலைமன்னார் இருப்புப்பாதை 2015இல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரு பக்கமும் தண்டவாளம் தயார். சுற்றுலா, வணிகம், பண்பாட்டுப் பாலம் என்ற சொற்களோடு செய்திகள் வருகின்றன. நாகையில் கப்பலேற, கடவுச்சீட்டு வேண்டும். தமிழக முகாம்களில் பிறந்து, இப்போது முப்பதைத் தாண்டிய மலையக வம்சாவளிப் பிள்ளைகளில் பலரிடம் எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லை.